டிராகன் உடற்கூறு வரைவது எப்படி? புதிதாகப் பழகுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: டிராகனே கற்பனை விலங்கு. அதற்கு எதற்கு உடற்கூறு? இஷ்டத்துக்கு வரையக் கூடாதா?

தாராளமாக வரையலாம். ஆனால் இந்தக் கால் இந்த உடம்பைத் தாங்குமா, இறக்கை எதில் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பவர் கண் தானாகவே தேடும். பதில் கிடைக்காவிட்டால் படம் பொம்மை போலாகிவிடும். டிராகன் எலும்புக்கூடு நமக்குக் கிடைக்காது. உடும்பு, முதலை, வௌவால், நாய் இவற்றின் எலும்புக்கூட்டுப் படங்கள் எளிதாகக் கிடைக்கும். இந்த நான்கையும் பார்த்து வரைந்து பழகுங்கள். தேவையானதில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: நான் வரையும் இறக்கை முதுகில் ஒட்டவைத்தது மாதிரியே இருக்கிறது. என்ன தவறு?

இறக்கையை முதுகிலிருந்து முளைப்பதாக நினைப்பதுதான் தவறு. இறக்கை என்பது ஒரு கை. வௌவாலைப் பாருங்கள்: தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, அதன்பின் நீண்ட நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகத்தோடு தனியே நிற்கும்.

முதலில் விலாக்கூட்டை முட்டை வடிவில் போட்டு, அதன்மேல் தோள்பட்டை எலும்பை வையுங்கள். அங்கிருந்து மேற்கை பின்னோக்கிப் போகட்டும், முன்கை முன்னோக்கித் திரும்பட்டும். மேற்கை 1 பங்கு என்றால் முன்கை ஒன்றரைப் பங்கு, மிக நீளமான விரல் இரண்டரைப் பங்கு என்று தொடங்கலாம். விரல்கள் எல்லாம் மணிக்கட்டிலிருந்துதான் விரிய வேண்டும். முன்கையின் நடுவிலிருந்து ஒரு விரல் கிளம்பினால் அந்த இறக்கையை மடக்கவே முடியாது.

தோல் சவ்வு கடைசியில்தான். குடைத்துணி கம்பிக்குக் கம்பி உள்வாங்குவது போல, விரல் நுனிகளுக்கு நடுவே ஓரம் உள்பக்கம் வளையும். வெளியே புடைத்தால் தொளதொளவென்று தெரியும். சவ்வின் உள்முனையை விலாவை ஒட்டி இடுப்பு வரை கொண்டுபோங்கள். தோளோடு நிறுத்துவதால்தான் பெரும்பாலும் அந்த ‘ஒட்டவைத்த’ தோற்றம் வருகிறது.

கேள்வி: மடக்கிய இறக்கை மட்டும் எப்போதும் சின்னதாகிவிடுகிறது.

எலும்பு மடங்கும், சுருங்காது. விரித்த இறக்கையை முதலில் வரைந்து ஒவ்வொரு எலும்பின் நீளத்தையும் ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் தோற்றத்தில் அதே நீளங்களை மடக்கிப் போடுங்கள். விரல்கள் ஒன்றுசேர்ந்து முன்கையை ஒட்டிப் படுக்கும், நுனிகள் இடுப்பைத் தாண்டி நீளும்.

கேள்வி: நான்கு காலும் இறக்கையும் சேர்ந்தால் நெஞ்சுப் பகுதி குழம்பிவிடுகிறது. எங்கே எதை வைப்பது?

இதுதான் டிராகனில் உண்மையிலேயே கடினமான இடம். இயற்கையில் ஆறு உறுப்புள்ள முதுகெலும்பி கிடையாது, அதனால் பார்த்து வரைய மாதிரியும் இல்லை. முன்கால் தோள்பட்டையை வழக்கமான இடத்திலேயே வைத்து, இறக்கைத் தோள்பட்டையை அதற்குச் சற்றுப் பின்னால், மேலே வையுங்கள். இரண்டுக்கும் இடையே தோள்பட்டையின் பாதி அகலமாவது விடுங்கள். இடம் போதாவிட்டால் விலாக்கூட்டை நீட்டுங்கள்.

தசையையும் மறக்கக் கூடாது. இறக்கையைக் கீழே அடிக்கும் தசை முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. பறவைக்கு அதற்காகவே நெஞ்செலும்பு கப்பலின் அடிக்கட்டை போல் துருத்தி நிற்கும். ஆகவே இறக்கை மூட்டிலிருந்து ஒரு தடித்த தசைப்பட்டை முன்காலுக்குப் பின்புறமாக இறங்கி நெஞ்சின் அடியில் சேரட்டும். நெஞ்சை ஆழமாகவும் இடுப்பை ஒடுக்கமாகவும் வைத்தால் பறக்கும் என்று நம்பலாம்.

தொடக்கத்திலேயே இது வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு காலும் இறக்கையும் மட்டும் உள்ள வைவர்ன் வகையில் தொடங்குங்கள். அதில் முன்காலே இறக்கை என்பதால் ஒரே தோள்தான்.

கேள்வி: பின்கால் முட்டி பின்பக்கம் மடங்குமா?

மடங்காது. பின்னால் துருத்தித் தெரிவது குதிகால். முட்டி வயிற்றை ஒட்டி முன்னோக்கி நிற்கும். தொடை முன்னால், கீழ்க்கால் பின்னால், பாதம் மறுபடி முன்னால் என்று மூன்று கோடு போட்டுவிட்டுப் பிறகு சதை சேருங்கள்.

கேள்வி: வால் ஏன் செருகியது போல் தெரிகிறது?

அடியை மெல்லியதாகப் போடுகிறீர்கள். முதலைக்குத் தொடை எலும்பைப் பின்னால் இழுக்கும் பெரிய தசை வாலடியில்தான் தொடங்குகிறது. அதனால் அடிவால் ஏறக்குறைய இடுப்பளவு தடிமனாக இருந்து, படிப்படியாக மெலிய வேண்டும். கழுத்து, முதுகு, வால் மூன்றையும் ஒரே வீச்சில் ஒரே கோடாக இழுத்துத் தொடங்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: செதில் ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டாம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்திலும் உருவத்தின் ஓரத்திலும் மட்டும் போடுங்கள். வெளிச்சம் விழும் பகுதியைக் காலியாக விட்டால் கண் நிரப்பிக்கொள்ளும். மூட்டுகளில் பொடிச் செதில், முதுகில் பெரியது, வயிற்றில் குறுக்குப் பட்டை. அடுக்கு தலையிலிருந்து வாலை நோக்கிப் போகட்டும். உடம்பு உருளை என்பதால் ஓரத்தை நெருங்க நெருங்கச் செதில் ஒடுங்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டால் உடம்பு தட்டையாகிவிடும்.

கேள்வி: வாயைத் திறந்தால் முகம் கோணலாகிறது.

தாடை மூட்டைக் கண்ணுக்குப் பின்னால், மண்டையின் கடைக்கோடியில் வையுங்கள். மேல்தாடை மண்டையோடு சேர்ந்தது, கீழ்த்தாடைதான் அந்த மூட்டில் சுழலும். மூடிய வாயை வரைந்து, கீழ்த்தாடையை மட்டும் அதே நீளத்தில் 30 அல்லது 40 பாகை இறக்கிப் பாருங்கள். வாயின் மூலையில் இழுபடும் தோலை இரண்டு மூன்று கோடுகளில் காட்டினால் போதும்.