பாட்டி பேசும் மொழி சாதிச் சான்றுக்கு உதவுமா?

கேள்வி: நாங்கள் மகாராஷ்டிராவில் சோலாப்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைக்காடிகள். கூடை முடைந்து விற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். அந்த வீட்டுப் பாட்டி பேசுவது எனக்கு ஓரளவு புரிகிறது, தமிழ் மாதிரியே இருக்கிறது. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று கேட்டால், 1961-க்கு முந்தைய ஆவணம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மொழியை ஆதாரமாகக் காட்டலாமா?

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். நிராகரிப்பு உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்பியிருந்தால், எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்குங்கள்.

மொழி உதவும், ஆனால் தனியாக நிற்காது. கைக்காடி, தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி. குலதெய்வம், கல்யாண முறை, சாவுச் சடங்கு ஆகியவற்றோடு அதையும் பாட்டியின் பிரமாணப் பத்திரத்தில் சேருங்கள். பேத்திக்கு மராத்தி மட்டும்தான் வரும் என்றாலும் பயப்பட வேண்டாம். இத்தகைய பண்பாட்டு ஒப்புமைச் சோதனையே முடிவான உரைகல் அல்ல என்று 2023-இல் ஒரு பழங்குடிச் சான்று வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தை இங்கேயும் வைக்கலாம்.

சரி, காகிதத்துக்கு எங்கே போவது? தந்தை வழியில் தேடுங்கள். தாத்தா, அவருடைய அண்ணன் தம்பிகள் யாராவது ஒரு வருடம் பள்ளிக்குப் போயிருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி இருக்கும். கிராமப் பிறப்பு இறப்புப் பதிவையும் பாருங்கள். சித்தப்பா, பெரியப்பா யாருக்காவது செல்லுபடிச் சான்று (சாதிச் சான்று உண்மைதான் என்று ஆய்வுக் குழு தருவது) கிடைத்திருந்தால் அதுவே பெரிய பலம். இன்னொரு இடமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில் சோலாப்பூரில் கைக்காடிகளை முள்வேலிக்குள் குடியமர்த்தி, பெயர் எழுதி வைத்திருந்தார்கள். தாத்தா அந்த ‘செட்டில்மென்ட்’டில் இருந்தாரா என்று பாட்டியிடம் பக்குவமாகக் கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அது வலிக்கிற பேச்சு. ஆனால் அந்தப் பதிவு கிடைத்தால் நல்ல ஆதாரம்.

ஒன்றும் கிடைக்காவிட்டால், நாடோடி வாழ்க்கையைச் சொல்லி, நேரில் வந்து விசாரிக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். அலைந்து பிழைத்தவர்களிடம் காகிதம் இல்லை என்பதற்காகவே கதவை மூடுவது நியாயமே இல்லை.

பூர்வீகத்தையும் விசாரியுங்கள். சோலாப்பூர் என்றால் விமுக்த ஜாதிப் பட்டியல் (குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சாதிகள்); ஆவணத்துக்குக் கணக்கு வைக்கும் நாள் 1961 நவம்பர் 21. அமராவதி, நாக்பூர் போன்ற விதர்ப மாவட்டம் என்றால் கைக்காடிகள் பட்டியல் சாதி. அங்கே அந்த நாள் 1950 ஆகஸ்ட் 10.

‘சான்று வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பொய்ச் சான்றுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம், கூடவே பெண்ணின் படிப்பும் போகும்.