தோட்டத்தை விற்றுத் தோல் மருத்துவம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இலை விற்று, செலவு போக மாதம் 25 ஆயிரம் ரூபாய் நிற்கிறது. மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்து, தோல் அறுவை சிகிச்சையிலும் தேர்ச்சி பெற்று, ஊட்டியில் கிளினிக் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நீட் முதுநிலைத் தேர்வில் எடுத்த ரேங்குக்கு அரசு இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 30 லட்சம் கேட்கிறார்கள். ஒரு ஏக்கரை விற்று 30 லட்சம் புரட்டிக்கொண்டு, மீதி 60 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: இந்த ஆண்டு வேண்டாம் ஐயா. மகளின் ஆசையில் ஒரு குறையும் இல்லை. பணம் போகும் வழிதான் எனக்குக் கவலை தருகிறது.

60 லட்சத்தை ஆண்டுக்கு 20 லட்சமாக மூன்று தவணையில் வங்கி தருகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டும், அதன் பிறகு ஓர் ஆண்டும் அசலைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் தனிவட்டியாகவே 18 லட்சம் ஏறிவிடும். ஆக, திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கடன் 78 லட்சம். பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம். பதினைந்து ஆண்டாக நீட்டினால் 84 ஆயிரம். ஆனால் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஒன்றரைக் கோடியைத் தாண்டும். உங்கள் இலைப் பணம் இதில் கால் பங்குக்குக்கூட ஈடு கொடுக்காது.

இன்னொரு இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எம்.டி. மூன்று ஆண்டுப் படிப்பு. தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் அதில் அடக்கம். அறுவை சிகிச்சையின் அடிப்படையும் அங்கேயே கற்றுத் தருவார்கள். ஆனால் வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டுவது, தோல் புற்றுநோயை அடுக்கடுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபடி அகற்றுவது, லேசர் போன்றவற்றில் கை பழக, அதற்குப் பிறகும் ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ பெரிய மையம் ஒன்றில் தனிப் பயிற்சி தேவைப்படும். அந்தக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை சொற்பம். வங்கி தரும் ஓர் ஆண்டு அவகாசம் அப்படியே இதில் கரைந்துவிடும். பயிற்சி முடிந்த மாதமே, சில நேரம் முடியும் முன்பே, லட்ச ரூபாய்த் தவணை வந்து நிற்கும். அந்த நெருக்கடியில் பல இளம் மருத்துவர்கள் அறுவைப் பயிற்சியையே கைவிட்டு, சம்பளம் தரும் முதல் அழகியல் கிளினிக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அப்படி நேரக்கூடாது.

மலையின் கணக்கையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7.35 லட்சம்தான். வசதி உள்ளவர்கள் தோல் பிரச்சினைக்கும் கோவைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஊட்டியில் மருத்துவத் தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. இலை பறித்து வெடித்த விரல்கள், குளிரில் வீங்கிச் சிவக்கும் கால்கள், கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவித் தடவி முற்றவிட்ட படர்தாமரை என்று நோயாளிகளுக்குக் குறைவிருக்காது. ஆனால் இவர்களிடம் கட்டணம் வாங்கி அந்தத் தவணையைக் கட்ட முடியாது. கடன் இருக்கும் வரை மகள் கோவையிலோ சென்னையிலோதான் இருந்தாக வேண்டும்.

எனவே என் யோசனை இது. நீட் முதுநிலைத் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும் உதவி மருத்துவர் பணிக்கு மகள் விண்ணப்பிக்கட்டும். அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. மலைப்பகுதியில் பணிபுரிந்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் தரப்படுகிறது. தோல் மருத்துவத்துக்கும் அந்த ஒதுக்கீடு உண்டா என்பது உட்பட, அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டில் விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் அரசுப் பணிக்குத் திரும்ப வேண்டும். ஊரோடு இருக்க நினைப்பவருக்கு அது சுமையே அல்ல. ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கலந்தாய்வில் டி.என்.பி. (மருத்துவமனைகளில் படிக்கும் தேசிய வாரியப் பட்டம்) இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அதுவும் எம்.டி.க்கு இணையான தகுதிதான், செலவோ நீங்கள் சொல்லும் தொகையில் ஒரு சிறு பகுதி. தோல் மருத்துவத்துக்குப் போட்டி கடுமை என்பதால் இரண்டு மூன்று முயற்சிகளுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே அவருடைய சம்பளத்தில் மாதம் 20 ஆயிரத்தைத் தொடர் வைப்பில் போட்டுவரச் சொல்லுங்கள். மூன்று ஆண்டில் வட்டி நீங்கலாகவே 7 லட்சத்து 20 ஆயிரம் சேரும். அறுவைப் பயிற்சி ஆண்டுக்கான சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அது போதும். கிளினிக் தொடங்கும்போதும் லேசர் கருவியில் பணத்தை முடக்க வேண்டாம். தோல் அறுவை பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியோடு அன்றே வீடு திரும்பும் சிகிச்சைதான். வெண்புள்ளிக்குச் சிறு துண்டுகளாகத் தோலை எடுத்து ஒட்டத் தேவைப்படும் கருவிகள் ஒரு தட்டில் அடங்கும். லேசரை முதலில் வாடகைக்கு எடுக்கலாம்.

நிலம் பற்றி ஒன்று. வங்கி கடனை வசூலிக்கப் பயன்படுத்தும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்குத் தோட்டத்தை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். உங்கள் குடியிருப்பு வீட்டின் பத்திரத்தைக் கேட்கும். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடன் வாங்குவதே முடிவானால், 78 லட்சத்துக்குக் குறையாமல் மகள் பெயரில் டேர்ம் காப்பீடு (உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். கையை நம்பிய தொழில் என்பதால் விபத்தால் வரும் ஊனத்துக்கான காப்பீடும் சேர்த்து எடுங்கள். முதல் தவணைக் கடன் வருவதற்கு முன்பே பாலிசி கையில் இருக்கட்டும்.