சோளகக் காற்றில் மலைநாட்டு மரக்கறி: வன்னி வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

காண்டாவனம் என்ற உச்ச வெயில் காலம் கழிந்து, தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பிவிட்டது. குளக்கட்டுகளில் புல் கருகிக் கிடக்கிறது. தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்து இறங்கும் வாடிய சலாதையும் விலை ஏறிய கரட்டையும் பார்த்துவிட்டு, "இதை நம் வளவிலேயே நட்டால் என்ன?" என்று பலர் நினைப்பது இந்த மாதங்களில்தான். 2010இல் கிளிநொச்சியில் மீளக் குடியேறிய நாளிலிருந்து நானும் அதே எண்ணத்தோடு மண்ணைக் கொத்தி வருகிறேன். பல பாத்திகள் பாழாயின, சில வாய்த்தன. கடந்த இரண்டு கிழமையில் வந்த கேள்விகளுக்கு, கைபட்டு அறிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பரந்தனிலிருந்து ஒரு தங்கை: ரீச்சர், நுவரெலியாவில் விளைவது இங்கே ஏன் விளைவதில்லை? நன்றாக நிழல் போட்டுக் கொடுத்தால் போதாதா?

நிழல் பகலுக்கு மட்டும்தான் உதவும், தங்கை. நமக்குச் சிக்கல் இரவில் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது; அங்கே இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. இங்கே வைகாசி, ஆனியில் முற்றத்தில் பாயை விரித்தாலும் விடியும்வரை புழுக்கம் தணியாது. பகல் முழுவதும் இலை சமைத்த மாவுச்சத்தில் ஒரு பங்கைச் செடி இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு சூடேறச் சூடேற அந்தச் செலவு கூடுகிறது. கிழங்கிலும் உருண்டையிலும் சேமிக்க மிச்சம் குறைகிறது.

ஆகவே எதை நடலாம் என்று கேட்பதற்கு முன், அந்தச் செடியில் எந்தப் பாகத்தைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று பாருங்கள். இலையைச் சாப்பிடுவதென்றால் கோடையிலும் முயலலாம்: சலாது, சீனக் கோவா வகைகள், பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை. கிழங்கென்றால் பாதி வெற்றி: முள்ளங்கியும் பீட்ரூட்டும் ஓரளவு வரும், நோகோலை இளசாகப் பிடுங்கினால் வரும். கோவா உருண்டையும் பூக்கோவாப் பூவும் வேண்டுமென்றால் மாரிவரை பொறுங்கள். இந்த வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு கோடை பிடித்தது.

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா: சலாது விதை இரண்டு முறை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பழைய விதையைத் தந்துவிட்டாரா?

கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம் அம்மா. விதை செத்திருக்காது, உறங்கியிருக்கும். மண்ணின் சூடு 30 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான சலாது விதை முளைக்க மறுத்து அடங்கிவிடும். உங்கள் பகுதி மணல் மத்தியானத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறதே, அதில் அது எப்படி விழிக்கும்?

ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, விதையை அதில் பரவலாகத் தூவி மடியுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதன் கீழ்த்தட்டில் இரண்டு இரவு வைத்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் தண்ணீர்ப் பானையின் அடியில், பானை கசிந்து ஈரமாக இருக்கும் மணலின் மேல் துணியை வையுங்கள். நான் முதல் மூன்று வருடமும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள், நான்காம் நாள் துணியைப் பிரித்தால் சாம்பல் நிற விதையின் கூர்முனையில் குண்டூசித் தலையளவு வெள்ளை முளை தெரியும். அந்தப் பதத்தில், பொழுது சாய்ந்த பிறகு, ஈரமான தட்டில் மெல்லப் பரப்பி, நகத்தின் தடிப்பளவுக்கு மட்டும் சலித்த கூட்டெருவைத் தூவுங்கள். ஆழமாகப் புதைத்தால் வெளியே வராது.

உருண்டை கட்டும் சலாதை வாங்க வேண்டாம். இலை இலையாக விரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் வெளி இலைகளைக் கிள்ளத் தொடங்கலாம். நடுத்தண்டு நீண்டு எழும்பி, கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் அதிகமாக வடிந்தால் இலை கசக்கப் போகிறது என்று அர்த்தம். அன்றே பிடுங்கிவிடுங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: கறுப்பு நிழல் வலை வாங்கிப் பாத்திக்கு மேல் இரண்டடி உயரத்தில் கட்டினேன். கோவாக் கன்றுகள் வெந்ததுபோல் சுருண்டுவிட்டன. ஏன்?

உயரம் போதாது, தம்பி. கறுப்பு வலை வெயிலை வாங்கித் தானே சூடாகிறது. இரண்டடியில் கட்டினால் அந்தச் சூடு கன்றின் தலையில் இறங்கும், காற்றும் அடைபடும். ஆறடிக்குக் குறையாமல் தூக்கிக் கட்டுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பாதி வெளிச்சத்தை விடும் வலை போதும். அதைவிட இருட்டினால் கன்று ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் வலையைவிடக் கிடுகு நல்லது. ஒரு கிடுகு, ஒரு கிடுகு அகலத்துக்கு வெளி, மறுபடி ஒரு கிடுகு என்று பரப்புங்கள். வெளிச்சம் கோடு கோடாக விழுந்து, பொழுதோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே போகும். எந்த இலையும் ஒரே இடத்தில் நெடுநேரம் காயாது. காலை வெயில் பத்து, பதினொரு மணிவரை முழுதாகப் படட்டும். கிடுகுப் பந்தலென்றால் மேற்குப் பக்கத்தை மட்டும் தரைவரை மறையுங்கள்.

இன்னொன்று, பலர் வெயிலைப் பார்த்துக் காற்றை மறந்துவிடுகிறார்கள். சோளகம் நாள் முழுக்க வீசும்போது இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாத்தியின் தென்மேற்கே இரண்டு வரிசை மரவள்ளியோ சோளமோ நெருக்கமாக நடுங்கள். மரவள்ளி மூன்று மாதத்தில் காற்றையும் மறைக்கும், பின்னேர நிழலும் தரும், பிறகு கிழங்கும் தரும்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஐயா: காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் மத்தியானம் எல்லாம் தொங்கிவிடுகின்றன.

ஐயா, மாலையில் மறுபடி நிமிர்ந்துவிடுகின்றனவா என்று கவனியுங்கள். நிமிர்ந்தால் பயமில்லை, அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பொருள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மோட்டரிலிருந்து தோட்டம்வரை கறுப்புக் குழாய் மணலில் கிடந்தது. ஒரு நாள் பின்னேரம் நான்கு மணிக்கு மோட்டரைப் போட்டு நேரே பீட்ரூட் பாத்திக்கு விட்டேன். குழாயின் வாயில் கை வைத்தபோது சுட்டது. தேநீர் ஊற்றலாம் போன்ற சூடு. அடுத்த நாள் அந்த வரிசைக் கன்றுகள் தண்டடியில் பழுப்பாகி விழுந்தன. அன்றிலிருந்து முதலில் வரும் தண்ணீரை வாழையடிக்கு விட்டு, குழாய் குளிர்ந்த பிறகே பாத்திக்குத் திருப்புகிறேன். கன்றுகளுக்குப் பூவாளிதான்.

அடுத்து, மண்ணை மூடுங்கள். மூடாத மண்ணுக்கு எவ்வளவு இறைத்தாலும் காணாது. மூன்று விரல் தடிப்புக்கு வைக்கோலோ சருகோ பரப்பினால் கீழே மண் தொட்டால் குளிரும். நம் மண்ணில் வைக்கோலுக்குக் கறையான் வரும் என்பது உண்மை. அதனால் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் பச்சை இலையை வெட்டிப் போடுவது இன்னும் நல்லது; மூடாக்காகவும் இருக்கும், உக்கித் தழைச்சத்தும் கொடுக்கும்.

இடம் தேடுவதென்றால் கிணற்றடிக்கும் வாழைக்கும் நடுவே உள்ள துண்டுதான் வளவிலேயே குளிர்ந்த இடம். என் சலாது அங்கேதான் நிற்கிறது.

பூநகரியிலிருந்து ஓர் அக்கா: எங்கள் கிணறு கொஞ்சம் உவர். எதுவும் சரிவராதா?

பீட்ரூட் நடுங்கள், அக்கா. அதன் மூதாதை கடற்கரையில் வளரும் காட்டுச் செடி; மற்ற மரக்கறிகளைவிட உப்பைத் தாங்கும். ஆனால் அதுவும் முளைக்கும் காலத்தில் மென்மையானது, ஆகவே முளைத்து நான்கு இலை விடும்வரை நல்ல தண்ணீரை எங்கிருந்தாவது எடுத்து ஊற்றுங்கள். கரட், போஞ்சி, முள்ளங்கி ஆகியவை உப்புக்கு முதலில் தோற்பவை. கோவா நடுத்தரம்.

உவர்த் தண்ணீரை இலையில் தெளிக்கக் கூடாது, ஓரம் கருகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விடுங்கள், உப்பும் கீழே இறங்கும். பாத்தியில் கூட்டெரு தாராளமாகச் சேருங்கள். மிச்ச உப்பை மாரி மழை கழுவிவிடும்.

பீட்ரூட்டில் நாம் விதை என்று சொல்வது பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒரு குழியில் மூன்று முளை வந்தால் ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளி வறைக்கு எடுங்கள். வெட்டும்போது உள்ளே வெள்ளை வளையம் தெரிந்தால் நோயென்று எறியாதீர்கள். அது சூட்டின் அடையாளம், சாப்பிடலாம்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தம்பி: கரட் பிடுங்கினால் கவடு கவடாக, விரல் நீளம்தான் இருக்கிறது. நாற்று வளர்த்துத்தான் நட்டேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரட்டுக்கு நாற்று கூடாது. பிடுங்கி நடும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிடும், பிறகு கவடுதான். பசுமை மாறாத மாட்டெருவும் பரல் கல்லும் அதே வேலையைச் செய்யும். ஓரடி ஆழத்துக்கு மண்ணைச் சலித்து, நேரடியாகத் தூவி, நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். முளைக்க இரண்டு கிழமைகூட எடுக்கும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் மாலையில் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், முளை கண்டதும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் வெளிறி நீண்டுவிடும்.

ஆனால் இதையெல்லாம் இப்போது செய்ய வேண்டாம். சூட்டில் வளர்ந்த கரட் நிறமும் இனிப்பும் குறைந்து காறும். கார்த்திகையில் விதையுங்கள்.

செட்டிகுளத்திலிருந்து: பூக்கோவா?

இப்போது வேண்டாம். பூவுக்குள் இலை முளைக்கும், அல்லது பொத்தான் அளவில் நின்றுவிடும். பணமும் தண்ணீரும் வீண்.

வவுனியா நகரிலிருந்து ஒரு தங்கை: போஞ்சி கொடி பூக்கிறது, பூவெல்லாம் உதிர்கிறது.

சூட்டில் மகரந்தம் கெட்டுவிடுகிறது, மருந்து அடித்துப் பயனில்லை. அதே பந்தலில் பயற்றை ஏற்றுங்கள். இந்த வெயில் அதற்குத் தாய்வீடு.

துணுக்காயிலிருந்து ஓர் அண்ணா: கோவா இலை சல்லடையாகிவிட்டது. எதை அடிப்பது?

மாலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள் அண்ணா. அரைவிரல் நகத்தளவு பச்சைப் புழு இருக்கும். தொட்டால் பின்னோக்கி நெளிந்து, நூலில் தொங்கிக் கீழே இறங்கும். அப்படி இறங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சூட்டில் இரண்டு மூன்று கிழமைக்குள் ஒரு தலைமுறை முடித்துவிடும், கடும் நஞ்சுகளுக்கும் வேகமாகப் பழகிவிடும். ஆகவே கடை மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதை நான் விரும்புவதில்லை. நடும்போதே மெல்லிய நைலோன் வலையால் பாத்தியை மூடியிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். மயிலும் குரங்கும் கன்றைத் தொடாது.

இப்போது வேம்பு பழுத்து உதிரும் காலம். பழத்தைப் பொறுக்கித் தசையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவைத்து வடியுங்கள். கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், ஆகவே மாலையில் மட்டும். கிழமைக்கு ஒரு முறை, புதிதாகக் கரைத்தே பயன்படுத்துங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு பிள்ளை: ரீச்சர், என் அம்மம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தைப்பொங்கலன்று நம் வளவுக் கோவாவில் வறை செய்ய வேண்டும் என்கிறார். முடியுமா?

நிச்சயம் முடியும் பிள்ளை, எனக்கும் இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது. பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கேகே குரொஸ் போன்ற வெப்பம் தாங்கும் வகை நட்டு ஏறக்குறைய 60 நாளில் உருண்டை கட்டும். நாற்று 25 முதல் 30 நாள். மழை முகில் மூடிய நாட்களில் வளர்ச்சி மெதுவாகும், அதற்கு ஒரு கிழமை சேருங்கள். ஆக புரட்டாதி கடைசிக் கிழமை விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

அந்த நேரம் பகலில் வெயில் சுடும், இரவில் இடி மழை கொட்டும். நாற்றுத் தட்டைத் தாவாரத்தில் வையுங்கள். நடும் பாத்தியை முழங்கால் பாதி உயரத்துக்கு மேடாக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் தேங்கினால் வேர் அழுகும். கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி விடுங்கள். உருண்டையை அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் பொங்கல்வரை வைத்திருக்காமல் அறுத்துவிடுங்கள், அதன்பின் பெருமழை விழுந்தால் வெடிக்கும். அம்மம்மாவுக்கு ஒரு கோவா போதும் என்றாலும் பத்துக் கன்று நடுங்கள். விதைப் பொதியை இப்போதே வாங்கியிருந்தால், மூடி இறுகிய போத்தலில் போட்டு வீட்டின் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள்.