எத்தனை என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. பள்ளிப் பாடம்போல் இல்லாமல், வீட்டிலேயே இயல்பாக எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. காலையில் எண்கள், குளிக்கும்போது நிறங்கள், மாலையில் எழுத்துகள் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நூறு வரை தடையில்லாமல் சொல்கிறான். ஆனால் புத்தகத்தை எடுத்தாலே எழுந்து ஓடுகிறான். எப்போது வாசிக்கக் கற்றுக்கொடுப்பது? இப்போதே பென்சில் கொடுக்கலாமா? கைபேசிச் செயலிகள் உதவுமா? பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

இயல்பாகக் கற்றுக்கொடுக்க அட்டவணை போட்டிருக்கிறீர்கள். சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான்.

செயலி வேண்டாம். பின்தங்கும் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. வாசிப்பு தானாக வந்துவிடும் என்று மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பேச்சு அப்படி வரும், எழுத்து வராது. மனிதன் எழுதத் தொடங்கியே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதை உட்கார்ந்து சொல்லித்தான் தரவேண்டும். 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதில்லை. கால், கொம்பு போன்ற குறிகள் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. உகர, ஊகார வரிசைகள்தான் எழுத்துக்கு எழுத்து உருமாறிப் பிள்ளையைப் படுத்தும். தினமும் பத்து நிமிடம் போதும். அவன் எழுந்து ஓடினால் ஓடட்டும். நீங்கள் புத்தகத்தை மூடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டிருங்கள்.

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது வேறு ஒரு வரி. ‘நூறு வரை தடையில்லாமல் சொல்கிறான்.’ சொல்கிறான், சரி. எண்ணுகிறானா?

என் மகளும் மூன்று வயதில் இருபது வரை சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலிமேல் ஏற்றிச் சொல்லவைப்பேன். ஒரு மாலை கொடியில் துணி காயப்போடும்போது, “மூன்று கிளிப் கொடு” என்றேன். கூடைக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை பிழையில்லாமல் எண்ணினாள். “இதில் எத்தனை இருக்கிறது?” என்றேன். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். “சரி, மூன்று கொடு.” மறுபடியும் ஒரு பிடி. நான் கத்திவிட்டேன். கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு பல நாள் என் முன்னால் எதையும் எண்ணவில்லை.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பல வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். சின்னப் பிள்ளைகளிடம் சில பொம்மைகளை எண்ணிக் கொடுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளிலும் பலர் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். வரிசை அவர்களுக்கு ஒரு பாட்டு மாதிரி. முதலில் ‘ஒன்று’ என்ற சொல்லுக்குப் பொருள் விளங்குகிறது, மாதக்கணக்கில் கழித்து ‘இரண்டு’, பிறகு ‘மூன்று’. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கும் பிறகு, பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது. நான் அதட்டிய பிள்ளை தன் வயதுக்குச் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள்.

இங்கே உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. காலையில் எண், குளியலில் நிறம் என்றால், அந்தப் பிள்ளையிடம் நாள் முழுக்க என்ன கேட்கிறீர்கள்? “இது எத்தனை? இது என்ன நிறம்?” உங்களுக்கே பதில் தெரிந்த கேள்விகள். வாளி நீலம் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். பிறகு எதற்கு அம்மா கேட்கிறாள்? சோதிக்கிறாள். பெரியவர்கள் யாராவது இப்படி உங்களை ஒரு நாள் முழுக்கக் கேட்டால் சும்மா இருப்பீர்களா? அவன் புத்தகத்தைப் பார்த்து ஓடுகிறானா, கேள்வியைப் பார்த்து ஓடுகிறானா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பதில் உண்மையாகவே தேவைப்படும் வேலையைக் கொடுங்கள். கிளிப் விவகாரத்துக்குப் பிறகு நான் ‘எத்தனை’ என்ற சொல்லையே விட்டுவிட்டேன். “எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவா” என்பேன், அவ்வளவுதான். முதலில் ஒவ்வொன்றாக எடுத்துவந்தாள், ஐந்து நடை. நான் வாயைத் திறக்கவில்லை. (அதுதான் கஷ்டம்.) சில மாதங்கள் கழித்து ஒரு நாள் ஐந்து டம்ளர்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எல்லார் முன்னாலும் ஒன்று வைத்தாள், கையில் ஒன்று மிஞ்சியது. சுற்றிலும் பார்த்தாள். “பாட்டி ஊருக்குப் போய்விட்டாள், ஒன்று அதிகம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கழித்தல் கணக்கை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நினைவே இல்லை.

பின்னாளில் அவள் கேட்டது இன்னொன்று: “தொண்ணூறில் ஏன் நூறு இருக்கிறது?” பார்த்தால், ஒன்பதின் வாலில் இருபது, முப்பதில் பத்தைக் குறிக்க வருகிற அதே ‘பது’ இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. ஐம்பது வருடம் சொல்லியும் என் காதில் விழாதது! பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று பெயரே காட்டிக்கொடுக்கிற மொழியில், ஒன்பது வரும் இடமெல்லாம் அடுத்த படியின் பெயர் வந்து நிற்கிறது. நூறு வரை சொல்லும் உங்கள் மகன் எண்பத்தொன்பதைத் தாண்டும்போது தடுமாறுகிறானா என்று கவனியுங்கள். தடுமாறினால் திருத்த வேண்டாம்.

பென்சிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1907இல் ரோமில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரல்களால் தடவவைத்தார். முதலில் விரல், பென்சில் பிறகு. அவசரம் ஒன்றும் இல்லை. நாளைக்குத் துணி காயப்போடும்போது அவனையும் கூப்பிடுங்கள். கிளிப்புக் கூடை அவன் கையில் இருக்கட்டும். மூன்று கேட்டு ஒரு பிடி வந்தால், வாங்கி மாட்டிவிட்டு அடுத்த துணியை எடுங்கள்.