பூதப்பாண்டிக் காற்றும் குமரிக்கடல் எச்சரிக்கையும்

அன்புள்ள அண்ணாச்சி,

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு வாழைத்தோட்டம் உண்டு. ஏத்தனும் மட்டியும் போட்டிருக்கிறோம். போன வருடம் மொட்டைமாடியில் காற்று அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்தேன். கார்த்திகையில் ஒருநாள், ‘குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்று அறிக்கை வந்தது. ஆள் விட்டு அவசரமாக முட்டு கொடுத்தேன். என் கருவியில் சராசரி 14, அதிகபட்சம் 34. ஒரு மரம்கூடச் சாயவில்லை. அதே நாளில் ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் மச்சான், பைக் ஓட்ட முடியாமல் ஓரங்கட்டி நின்றேன் என்கிறான். அப்புறம் மார்கழியில், எந்த எச்சரிக்கையும் இல்லாத ஒரு பின்னிரவில் கருவி 51 காட்டியது. முட்டு இல்லாத வாழைகள், குலையோடு போயின. போன் செயலியோ இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. யாரை நம்புவது? இனி என் கருவியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதுமா?

ஒரு வாசகர், பூதப்பாண்டி

அன்புள்ள தம்பி,

போதாது. ஆனால் கருவியைக் கழற்றிவிடவும் வேண்டாம். குலை தள்ளிய ஏத்தன் சாய்ந்தால் என்ன நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிக்கை சொன்ன 65 உங்கள் தோட்டத்துக்கான எண் அல்ல, குமரிக்கடலுக்கானது. அதில் 45 முதல் 55 என்பது சராசரி வேகம். நம் வானிலைத்துறை இதற்கு மூன்று நிமிடச் சராசரியை எடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் வழக்கம் பத்து நிமிடம், அமெரிக்கர்களுக்கு ஒரு நிமிடம். ஒரே புயலுக்கு வேறு வேறு வேகம் செய்தியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘இடையிடையே’ என்று வருவது மூன்று நொடி அளவுக்கு ஓங்கி அடிக்கும் வீச்சு. ஆகவே உங்கள் 34-ஐ 65-உடனும், 14-ஐ 45–55-உடனும்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. கடலில் சராசரிக்கும் வீச்சுக்கும் இடையே சுமார் 1.3 மடங்குதான். உங்கள் மாடியில் அது இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. சுற்றிலும் தென்னை, வீடு, கைப்பிடிச்சுவர் என்று தடைகள் இருந்தால் இப்படித்தான் ஆகும். சராசரி அடிவாங்கிவிடும், ஆனால் வீச்சு அந்த அளவுக்குக் குறையாது. காற்று உடைந்து, சுழன்று, விட்டுவிட்டு வரும். வாழைக்கு இது இன்னும் கெடுதல். ஏனென்றால் ஒரே சீராக அழுத்தும் காற்றுக்குச் சாய்ந்து கொடுக்கும் மரம், விட்டுவிட்டு உலுக்கும் காற்றில் ஆடி ஆடி முறிகிறது.

காற்றை 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் அளக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் தடை ஏதும் இருந்தால் அதன் உயரத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும். பத்து மீட்டர் தென்னைக்கு நூறு மீட்டர் இடைவெளி! நாஞ்சில் நாட்டில் அப்படி ஒரு இடத்தை வயல் நடுவில்தான் தேட வேண்டும். உங்களால் முடிந்தது, கருவியைக் கைப்பிடிச்சுவரில் இருந்து எடுத்து, மாடியின் நடுவில் நல்ல உயரமான குழாயில் ஏற்றுவது. இன்னொன்றையும் பாருங்கள். சில மலிவுக் கருவிகள் அவ்வப்போது ஒரு நொடி மட்டும் எட்டிப்பார்த்துப் பதிவு செய்யும். இரண்டு பதிவுக்கு நடுவில் வந்த வீச்சு அதில் இருக்காது. அமைப்புகளுக்குள் போய், அதிகபட்ச வீச்சைத் தனியாகச் சேமிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலி விஷயத்துக்கு வருவோம். அதில் தெரிவது, வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரியின் கணக்கு. உலகில் சிறந்தது என்று சொல்லப்படும் ஐரோப்பிய மாதிரியே சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பூமியைப் பிரித்துப் பார்த்துவந்தது. அமெரிக்க மாதிரி சுமார் 13 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாயோ இரண்டு பக்கமும் மலை நெருக்கும் ஒடுக்கமான இடைவெளி. அந்த அளவுக் கட்டத்தில் மகேந்திரகிரி சரிவும் தாடகை மலையும் தோவாளை வயலும் ஒரே மேடாக மழுங்கிவிடும். உங்களுக்கும் உங்கள் மச்சானுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். நம் மாவட்டத்தில் காற்று விஷயத்தில் செயலியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மழைக்குக்கூட ஓரளவு பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. காற்றின் திசையை நீங்கள் எழுதவே இல்லை. இந்தக் கணக்குக்கு அதுதான் உயிர்.

மார்கழியில் நெல்லை பஸ்ஸில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது, முப்பந்தல் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஆடியில் அவை மேற்கைப் பார்த்து நிற்கும். அம்மியையும் பறக்கவைக்கும் என்கிறோமே, அந்தக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிற காலம் அது. மார்கழியில் திரும்பி நிற்கும். அப்போது வருவது வடக்கில் இருந்து வாடையும் கிழக்கில் இருந்து கொண்டலும். காற்றாலை எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்தே திரும்புவதால், அந்த வழியாகப் போகிற யாரும் கருவி இல்லாமலே திசையைத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கார்த்திகை நாளில் காற்று வடகிழக்கில் இருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். அந்தத் திசையில் உங்களுக்கு மலை மறைப்பு உண்டு. மார்கழி இரவில் அது நேர் கிழக்காகத் திரும்பி, கணவாய்க்குள் புகுந்து உங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். பின்னிரவில் இது கூடுவதிலும் ஆச்சரியம் இல்லை. குளிர்ந்து கனத்த காற்றால் மலையேறித் தாண்ட முடியாது. இருக்கிற ஒரே வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு வரும். இதற்குக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்க வேண்டும் என்பதில்லை, ஆகவே எச்சரிக்கையும் வந்திராது. மற்ற இடங்களில் இரவானால் தரைக்காற்று அடங்கும். கணவாய் வாயில் இருக்கிறவர்கள் அதை நம்பக்கூடாது.

திசை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், காற்றழுத்தத் தாழ்வு உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கும். டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் சொன்னது இது. தாழ்வு குமரிக்குத் தெற்கே மேற்கு நோக்கிக் கடக்கும்போது, நமக்குக் காற்று முதலில் வடகிழக்கு, அப்புறம் கிழக்கு, கடைசியில் தென்கிழக்கு என்று மாறும். உங்கள் ஊரில் கிழக்குக்குத் திரும்பும் அந்தச் சில மணி நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

2017 ஒக்கிப் புயலை நாம் மறக்க முடியாது. நவம்பர் 29-இல் இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. புயலின் மையம் நம் மாவட்டத்தில் கரை ஏறவே இல்லை, கடலோடு கடலாகக் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தது. அதற்கே ரப்பரும் வாழையும் கும்பல் கும்பலாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த மேற்குக் கரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வாடை அங்கே நிலத்தில் இருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை அடங்கித் தெரியும். உள்ளே போகப் போகத்தான் கடல் முரடாகும். குளச்சல் கரையில் நின்று, கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று அறிக்கையைத் தள்ளுவதும், உங்கள் மாடியில் 34-ஐப் பார்த்துவிட்டு 65 பொய் என்பதும் ஒரே தவறு. கடலைப் பற்றிய எண்ணைக் கரையில் நின்று சோதிக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நோட்டு போடுங்கள். முன்னறிவிப்பை முந்தின நாள் சாயங்காலமே எழுதிவிட வேண்டும். செயலிகள் பழைய எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும், மறுநாள் திறந்தால் நேற்று என்ன சொன்னது என்பதே இருக்காது. நேரம் சர்வதேச நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அலகையும் பாருங்கள்: நொடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கிலோமீட்டர், 1 நாட் என்பது 1.85. மறுநாள் அதன் எதிரே சராசரி, வீச்சு, நேரம், திசை. முடிந்தால் மச்சானையும் ஆரல்வாய்மொழியில் ஒரு கருவி வைக்கச் சொல்லுங்கள், அதே மாதிரிக் கருவியாக, அதே உயரத்தில். பிறகு திசை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வாடை நாட்களில் எச்சரிக்கை 65 என்றால் உங்களுக்கு எவ்வளவு, கொண்டல் நாட்களில் எவ்வளவு என்று இரண்டு மூன்று பருவத்தில் ஒரு பிடி கிடைக்கும். எந்தக் கணினி மாதிரியிலும் அது இருக்காது.

அதுவரை முட்டு விஷயத்தில் அறிக்கையின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 34-க்கும் 51-க்கும் வித்தியாசம் வேகத்தில் ஒன்றரை மடங்குதான், ஆனால் மரத்தின் மேல் விழும் விசை இரண்டேகால் மடங்கு. வேகத்தின் வர்க்கமாக விசை ஏறும். அறிக்கை வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்கவும் மாட்டார்கள், எல்லோரும் அன்றைக்குத்தான் தேடுவார்கள். குலை தள்ளியவற்றுக்கு ஐப்பசியிலேயே முட்டு கொடுத்துவிடுங்கள். கிழக்கு ஓரத்து வரிசைகளில் இருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி