பேஸ்பால் பிட்சிங் பழகும் பிள்ளைகளுக்குக் கால்தட விரிப்பு எதற்கு?

பந்து எறிபவர் எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று பாதத் தடம் வரைந்த பாய்தான் இது. பொள்ளாச்சித் தென்னைநார் விரிப்பு ஒன்றில் பெயின்ட் அடித்து நாமே செய்துவிடலாம்.

வலது கைக்காரர் வலது காலை, எறியும் இடத்தில் பதித்திருக்கும் ரப்பர் பட்டையை ஒட்டி வைத்து, இடது காலை, எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரை நோக்கிய நேர்கோட்டில், விரல்கள் கொஞ்சம் உள்பக்கம் திரும்பினாற்போல் ஊன்ற வேண்டும். அது வெளியே விலகி விழுந்தால் இடுப்பு முன்கூட்டியே திரும்பிவிடும், உடம்பின் விசை வீணாகி, தோளும் முழங்கையும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டி வரும். வளர்கிற பிள்ளைக்கு அது நல்லதே இல்லை. சோளக்காட்டில் குருவி விரட்டக் கவண் வீசுகிறவரைப் பாருங்கள், கால் ஊன்றி இடுப்பு திரும்பிய பிறகுதான் கல் பறக்கும்.

முதலில் பந்தில்லாமல் மெதுவாகப் பழகட்டும். அப்புறம், ஒரே தடம் எல்லோருக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காலை எட்டி வைக்கும் தூரம் உயரத்துக்கு ஏற்ப மாறும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அளந்துதான் வரைய வேண்டும்.