வாசகர் கேள்வி பதில்: ஓவர்டைம் வேண்டாம்னு சொல்றது சோம்பேறித்தனமா?

கேள்வி: நாங்க அமெரிக்காவுல இருக்கோம். என்கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா தனியா ரெண்டு பிள்ளைங்கள வளர்க்கிறாங்க, கம்யூனிட்டி ஆக்‌ஷன் ஏஜென்சின்னு ஏழைக் குடும்பங்களுக்கு உதவுற ஒரு இடத்துக்கு அடிக்கடி போறாங்க. ஆனா ஓவர்டைம் குடுத்தா வேண்டாம்ங்கிறாங்க, வாடகை ஏறிடுமாம். உதவி பண்ணி பண்ணியே ஆளை உட்கார வச்சுடறாங்களோ?
– பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி

பதில்: அவசரப்பட்டு சோம்பேறின்னு முடிவு கட்டிடாதீங்க, அந்தம்மா கணக்கு சரியான கணக்குதான். அரசு வாடகை உதவியில இருக்கிறவங்க பொதுவா வருமானத்துல 30 சதவீதம் வாடகையா கட்டணும், அப்போ மாசம் 500 டாலர் கூடுதலா சம்பாதிச்சா 150 வாடகைக்கே போயிடும், போதாக்குறைக்கு சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசு குடுக்கிற ஃபுட் ஸ்டாம்ப் வேற குறையும், வரி பிடிப்பாங்க, அப்புறம் யாருக்குத்தான் ஓவர்டைம் பார்க்க மனசு வரும் சொல்லுங்க.

இந்த சிக்கலுக்குன்னே 1990-ல ஃபேமிலி செல்ஃப் சஃபிஷியன்சின்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. நடத்துறது பெரும்பாலும் உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி, அதாவது வாடகை உதவிய கவனிக்கிற ஆபீஸ். 5 வருஷ ஒப்பந்தம். சம்பளம் ஏறினா வாடகையும் ஏறத்தான் செய்யும், ஆனா அந்த ஏறின 150-க்கு ஈடான தொகைய அவங்க பேர்ல ஒரு கணக்குல போட்டுட்டே வருவாங்க, 3 வருஷத்துல 5,400 டாலர் ஆச்சா! வேலையில இருக்கணும், வீட்டுல யாரும் ரொக்க உதவித்தொகை வாங்கக் கூடாது, ஒப்பந்தத்துல எழுதின இலக்கெல்லாம் முடிச்சிருக்கணும், அப்பதான் பணம் கைக்கு வரும். பாதியில விட்டா பொதுவா போச்சு. இன்னொண்ணு, கையெழுத்து போடறப்ப இருக்கிற சம்பளத்துல இருந்துதான் ஏற்றத்தை கணக்கு பண்ணுவாங்க, அதனால முதல்ல ஒப்பந்தம், அப்புறம் ஓவர்டைம்.

அவங்க போற ஏஜென்சி, அதிபர் ஜான்சன் வறுமைய ஒழிக்க 1964-ல போட்ட சட்டத்துல பிறந்த வகை, இப்ப நாடு முழுக்க சுமார் 1,000 இருக்கு. போர்டுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு ஏழைக் குடும்பங்களோட பிரதிநிதிங்களா இருக்கணும்ங்கிறது விதி, எனக்கு ரொம்ப பிடிச்ச விதி. குளிர்கால ஹீட்டிங் பில், ஹெட் ஸ்டார்ட் பாலர் பள்ளின்னு பல வேலை பார்ப்பாங்க. பில்லை மட்டும் கட்டிட்டு அனுப்பி விடற இடமா இருந்தா உங்க சந்தேகத்துல நியாயம் இருக்கு, ஆனா குடும்பத்தோட கூடவே இருந்து வழிகாட்டுற நல்ல கேஸ் ஒர்க்கர் கிடைச்சா, வேலைக்கு போக வண்டி ஓடுதா, குழந்தைய யார் பார்த்துக்கிறாங்கன்னு அங்கேருந்துதான் ஆரம்பிப்பாங்க.

மேல சொன்ன செல்ஃப் சஃபிஷியன்சி திட்டம் எல்லா ஊர்லயும் கிடையாது. ஹவுசிங் ஆபீஸ்லயே கேட்கச் சொல்லுங்க, மத்த உதவிக்கு 211-ங்கிற உதவி எண்ணுக்கு போன் பண்ணா போதும்.